ரோசி யார் ஊதலுக்கு ஓடியது

ரோசிக்குச் சோறு வைத்தது நான். குட்டியாக வந்த வாரமே வயிற்றோட்டம் பிடித்து எழும்ப முடியாமல் கிடந்தது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்து அதைப் பிழைக்க வைத்தது நான். காதுக்குள் ஏறிய உண்ணிகளைப் பிடுங்கியது நான். ஆனால் அது ஓடியது தங்கவேலின் விசிலுக்கு. அது செத்துப் பல வருடங்கள் ஆன பிறகும் தோட்டத்தில் அதைத் 'தங்கவேலு நாய்' என்றுதான் சொல்கிறார்கள்.

போன மாதம் புதிய சின்னத் துரை என்னைத் தேடி லயத்து வீட்டுக்கு வந்தார். நான் வேலையிலிருந்து நின்று கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆட்டுப் பட்டிக்கு மறுபடி நாய்க்குட்டிகள் வாங்கப் போகிறார்களாம்.

"விசில்ல பழக்குற முறைய எழுதித் தர முடியுமாங்க? தங்கவேல் அண்ணன் பழக்கின மாதிரியே செய்யலாம்னு இருக்கேன்," என்றார்.

"அப்ப தங்கவேலுகிட்டயே கேக்கலாமே?"

"கேட்டேன். மதினிகிட்ட கேளுங்க, அவங்கதான் ஒழுங்கா எழுதுவாங்கன்னு சொன்னாரு."

அவன் வழக்கம் அதுதான். எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவான். கொடுத்தவன் என்ற நல்ல பெயரும் அவனுக்கே போய்ச் சேரும். சரி என்றேன். தினமும் மாலையில் நாலு வரி எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. முறையை முறையாகவும் நடந்ததை நடந்தபடியும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கொடகவெல டவுனுக்கு மேலே இருக்கிறது. கீழ்ப்பக்கம் ரப்பர், மேல்பக்கம் தேயிலை. தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன சமயம் புதிதாக ஒரு பெரிய துரை வந்தார். ரப்பர் மரங்களுக்கு அடியில் மண்டுகிற புல்லை ஆள் வைத்து வெட்டுவதைவிடச் செம்மறி ஆடுகளை விட்டு மேய்ப்பது நல்லது என்பது அவர் யோசனை. பட்டி கட்டினார்கள். என் புருஷன் காய்ச்சலில் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொழுந்து பறிக்கும் மலையில் மற்றப் பெண்கள் என்னைப் பார்த்து 'உச்' கொட்டுவதைத் தாங்க முடியவில்லை. பட்டிக்கு ஆள் கேட்டபோது நானே போய்ப் பெயர் கொடுத்தேன். ரப்பரில் பால் வெட்டிக்கொண்டிருந்த தங்கவேலையும் எடுத்தார்கள். அவன் என் புருஷனின் தம்பி. லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறை அவனுடையது. நன்றாக ஓடுவான், நன்றாகப் பேசுவான், எப்போதும் வாயில் வெற்றிலை.

பெரிய துரை சிங்களவர். வாலிப வயதில் வெளிநாட்டில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தவர். முன்பிருந்த துரைமார் எங்களை 'நீ' என்பார்கள், இவர் 'நீங்க' என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்ப்பார். அவர் தொப்பிக்குள் பார்க்கும் நேரம் முழுவதும் நாங்கள் கைவேலையை விட்டுவிட்டு நிற்போம்.

மலைநாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து ரோசியைக் கொண்டுவந்தவர் அவர்தான். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. ஆட்டைக் கடிக்காத, குரைக்காத சாதி அது. தலையைத் தாழ்த்தி, கண்ணால் முறைத்தே ஆட்டை நகர்த்திவிடும். அது வளரும்வரை பயிற்சி எங்களுக்குத்தான். பட்டிக்கு முன்னாலிருந்த வெளியில் மருந்தடிக்கும் ஆட்கள் நாலு பேரை ஆடுகளாக நிற்க வைப்பார். அவர் ஊத, தங்கவேலும் நானும் மாறி மாறி நாயாக நடக்க வேண்டும்.

"தொரை, இப்ப நான் நாயா, மதினி நாயா?"

"இப்ப நீங்க நாய். பாக்கியம் பாக்கட்டும்."

"கேட்டீங்களா மதினி? வேல ஒசத்திட்டாங்க."

ஆடுகளாக நின்றவர்கள் 'மே' என்று கத்தினார்கள். ஒருவன் உட்கார்ந்து புல் மேயவே தொடங்கிவிட்டான். துரை சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி ஊதினார்.

அந்தக் கூத்தில் நாங்கள் கற்றது இதுதான். நாய் ஒரு பக்கம் வந்தால் ஆடு எதிர்ப்பக்கம் போகும். நாய் ஆட்டுக்குப் பின்னால் போய் நின்றால் ஆடு நம்மிடம் வரும். சும்மா விட்டால் நாய் தன் புத்தியில் ஆட்டை நம்மிடம்தான் தள்ளிக்கொண்டு வரும், ஏனென்றால் அதன் பிறவிக் குணம் அது. இடம், வலம் என்பது நம் கையைப் பொறுத்தது இல்லை, ஆட்டை நோக்கி நிற்கும் நாயின் இடம், வலம். நாயாக நடந்து பார்க்காதவனுக்கு இது புரியாது. புதிய சின்னத் துரையும் ஒரு நாள் நாயாக நடந்து பார்ப்பது நல்லது.

முதலில் எம்பிலிப்பிட்டிய கடையில் வாங்கிய, உள்ளே மணி உருளும் சாதாரண விசிலைத்தான் தந்தார்கள். ஒரு நீள ஊதல் என்றால் ரோசி இருந்த இடத்தில் படுக்க வேண்டும். வாத்துகளை வைத்துப் பழக்கினோம், சீக்கிரமே படுத்தது. பிறகு ஆடுகளோடு மேல்மலைப் பாதையில் கொண்டு போனோம். அந்த நேரம் பார்த்துத் தேயிலைக் கங்காணி கொழுந்து நிறுக்கப் பெண்களைக் கூப்பிட்டு நீளமாக ஊதினார். ரோசி பொத்தென்று படுத்துவிட்டது. ஆடுகள் தேயிலைக்குள் புகுந்தன. பெண்கள் கூடையோடு உட்கார்ந்து சிரித்தார்கள்.

"அடியே பாக்கியம், ஒன் நாய்க்கும் வேலைக் கணக்குல பேர் போட்டாச்சா? கொழுந்து எத்தன கிலோ?"

துரை தொப்பியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். பிறகு கங்காணியிடம் போனார்.

"கங்காணியார், உங்க விசில் சத்தத்த மாத்த முடியுமா?"

"எங்கப்பா காலத்துல இருந்து இதாங்க தொரை. மாத்துனா ஒரு பொம்பளயும் கூடைய தூக்க மாட்டா. நாய மாத்துங்க."

நாயை மாற்றவில்லை, விசிலை மாற்றினார். வெளிநாட்டிலிருந்து தருவித்த விசில் அது. பாதி நிலா வடிவில் மடித்த தகடு, நடுவே ஒரு துளை. திறந்த பக்கத்தை வெளியே வைத்து, நாக்கின் மேல் படுக்க வைத்து, உதட்டால் மூடி ஊத வேண்டும். நாக்கைக் கொஞ்சம் தூக்கினால் சத்தம் ஏறும், இறக்கினால் இறங்கும். முதல் வாரம் காற்றும் எச்சிலும்தான் வரும். உதட்டு ஓரம் வெட்டுப்படும். பொறுக்க வேண்டும்.

ஊதல்கள் ஐந்து. ஒரே நிலையில் நீளமாக ஊதினால் படு. இரண்டு குட்டை ஊதல் என்றால் எழுந்து ஆட்டை நோக்கி நட. சத்தம் மேலிருந்து கீழே இறங்கினால் இடப்பக்கம் வா. கீழிருந்து மேலே ஏறினால் வலப்பக்கம் வா. விட்டு விட்டுப் பல குட்டை ஊதல் என்றால் வேலை முடிந்தது, திரும்பி வா. ஊதிய பிறகு நாய் அதைச் செய்து முடிக்க நேரம் கொடுக்க வேண்டும். பதறி இரண்டாவதை ஊதினால் முதலாவதும் கெடும்.

நான் ஒரு மாதத்தில் ஐந்தையும் பிடித்துவிட்டேன். லயத்துக்குப் பின்னால் வாழை மரங்களுக்கு நடுவே நின்று பழகுவேன். தாலி அறுத்தவள் விசில் அடிக்கிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று ஊதினேன். தங்கவேலுக்கு வர இன்னும் அதிக நாள் பிடித்தது, வந்த பிறகும் அவன் சத்தம் கொஞ்சம் கொழகொழ என்றுதான் இருக்கும். துரையே ஒருநாள் அவன் முன்னால் சொன்னார்: "பாக்கியம், உங்க சத்தம் சுத்தம்." அந்த ஐந்து ஊதலுக்கும் எனக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வார்த்தை.

ஆனால் துரைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாய்க்கு ஒரு வாய். இரண்டு பேர் ஊதிப் பழக்கினால் நாய் கெட்டுப் போகும் என்பார். அது ஆடுகள் குட்டி ஈனும் காலம். நான் பட்டியை விட்டு அசைய முடியாது. அதனால் ரோசியை முதலில் தங்கவேல் கையில் கொடுத்தார்.

"குட்டிக் காலம் முடிய, உங்களுக்கும் ஒரு நாள் தாறேன்," என்று என்னிடம் சொன்னார். "யாருக்கு நல்லா கேக்குதோ, நாய் அவங்களுக்கு. மத்தவங்க பட்டி வேல."

அந்த நாள் வந்தது. ரப்பர் மலையின் அடிவாரத்தில் ஆடுகள் நின்றன. தங்கவேல் ஊதினான். துரையின் ஜீப் வந்ததும் மெல்லுவதை நிறுத்தி வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பணிவாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றபடிதான் ஊதினான். துரைக்கு முன்னால் யாரும் மெல்ல மாட்டார்கள், துப்பிவிடவும் மனம் வராது. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். ரோசி கயிறு கட்டி இழுத்தது போல ஓடியது, சுற்றியது, படுத்தது.

பிறகு நான் ஊதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஊதியதில்லை. ரோசி தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தது. ஏதோ குருவி கத்துகிறது என்று நினைத்திருக்கும். மறுபடி ஊதினேன். தங்கவேலைத் திரும்பிப் பார்த்தது. என் கையிலிருந்து காலையில் சாப்பிட்ட நாய், அவன் முகத்தைப் பார்த்து என்ன செய்ய என்று கேட்டது.

"விடுங்க பாக்கியம்," என்றார் துரை. "மனசு ஒரு ஆளுக்கு குடுத்திடுச்சு."

"மதினி ஊதுனதுதாங்க தொரை சரி. நாய்க்கு காது சரியில்ல," என்றான் தங்கவேல். ஆறுதல் சொல்கிறானாம். அன்று அவனுக்கு ஊற்றிய தேத்தண்ணியில் நான் சீனி போடவில்லை. குடித்துவிட்டு, "இன்னைக்கி தேத்தண்ணி நல்லாருக்கு மதினி," என்றான்.

அதன் பிறகு வருடக் கணக்காக என் வேலை குளம்பு சீவுவது, புழுவுக்கு மருந்து கொடுப்பது, பட்டி கழுவுவது. அவன் காலையில் ரோசியோடு போவான். நான் பட்டித் தொட்டியருகே நின்று பார்ப்பேன். ஆற்றுக்கு அக்கரைப் புல்தரையில் ஆடுகள் வெள்ளையாகப் பரவும், சேரும், பிரியும். அவன் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் அத்தனையையும் அசைப்பான். தெருவில் போகிற சிங்களக் கிராமத்து ஆட்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்து, "ஷா! ஹரி வெடக்னே!" என்று பாராட்டுவார்கள். அவன் கையெடுத்துக் கும்பிடுவான். மாலையில் ரோசி நேரே என்னிடம் வந்து சோற்றுத் தட்டை நக்கும். அதன் முதுகைத் தடவும்போது உடம்பெல்லாம் பகல் முழுக்க ஓடிய சூடு இருக்கும். அந்த ஓட்டத்தில் ஒரு அடியாவது எனக்காக ஓடவில்லையே என்று நினைப்பேன். சோறு போடும் கைக்கு விசுவாசம் என்று பழமொழி சொல்கிறார்களே, அவர்கள் யாரும் இந்தச் சாதி நாயைப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு மே மாதம் தங்கவேலுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. வெற்றிலை போட முடியாமல் சும்மா வாயோடு அலைந்தான். முதல்நாள் காலையில் அவன் ஊதியபோது ரோசி ஓடவில்லை. திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. மறுபடி ஊதினான். உட்கார்ந்துகொண்டது.

நான் தொட்டியருகே நின்று பார்த்தேன். பொய் சொல்வானேன், பொங்கல் அன்று பால் பொங்கியதைப் பார்த்த மாதிரி இருந்தது.

"என்ன தம்பி, நாய்க்கு காது போயிருச்சா?"

"வாய் வீங்கியிருக்குல்ல மதினி, சத்தம் மாறுது போல," என்றான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அன்று முழுக்க அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பட்டி கழுவினேன்.

அடுத்த நாள் எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு மறுநாள் கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு அவன் லயத்தில் கிடக்க, ஆடுகளை என்னிடம் விட்டார்கள். விசில் தேவையில்லை, ஆடுகளுக்குப் பாதை தெரியும், ரோசி கூடவே போகும் என்றார் துரை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன்.

புல்தரைக்குப் போக ஓயாவை, எங்கள் சின்ன ஆற்றை, கடக்க வேண்டும். வழக்கமான கடவை பெரிய கற்கள் போட்டது, கணுக்கால் தண்ணீர். மேலே வளைவு தாண்டி லொறி போகிற பாலம் ஒன்று உண்டு. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஆடு நொண்டியது. குளம்பு அழுகல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு இக்கரைக்கு வந்து பட்டியில் விட்டேன். எங்கள் பக்கம் தூறல்கூட இல்லை. ஆனால் பலாங்கொடைப் பக்கத்து மலைகள் கறுத்துக் கிடந்தன. நான் திரும்பிக் கடவைக்கு வந்தபோது கற்களைக் காணவில்லை. மண் நிறத்தில் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ரோசி என்னைக் கண்டது. ஆடுகளுக்குப் பின்னால் சுற்றி வந்து, தலையைத் தாழ்த்தி, அவற்றை என்னிடம் தள்ளிக்கொண்டு வரத் தொடங்கியது. பிறவிக் குணம். நான் நிற்கும் இடம்தான் அதற்கு வீடு. நடுவில் வெள்ளம் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? எங்கள் கரையில் அடர்ந்த மூங்கில், மேல்பக்கம் நகர்ந்து போக வழியில்லை. நீளமாக ஊதினேன். படு. ரோசி படுக்கவில்லை. மறுபடி ஊதினேன். முன்னால் நின்ற ஆடுகள் தண்ணீரில் கால் வைத்துவிட்டன. ஒன்று வழுக்கி விழுந்தது. அதன் முதுகு ஒரு தடவை தெரிந்தது, அவ்வளவுதான்.

பின்னால் ஆள் ஓடிவரும் சத்தம். கன்னத்தில் துணிக்கட்டோடு தங்கவேல். வெள்ளச் சத்தம் கேட்டு வந்திருக்கிறான். நான் கழுத்திலிருந்து கழற்றி நீட்டிய விசிலை வாங்கி வாயில் வைத்தான். காற்றும் இரத்தமும்தான் வந்தன. வலியில் குனிந்துவிட்டான். விசிலைத் திரும்ப வாங்கிச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் இடுப்பு முடிச்சை அவிழ்த்து வெற்றிலை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தான். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"ஆடு போகுது, நீ வெத்தல மடிக்கிறியா?"

மடித்ததை என் கையில் தரவில்லை. பக்கத்திலிருந்த பாறையின் மேல் வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"ஒங்களுக்குத்தான். எடது கன்னத்துல அடக்கிக்கிட்டு ஊதுங்க."

புருஷன் போன பிறகு பெண்கள் வெற்றிலை தொடக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். கொழுந்தன் கையால் கொடுத்தால் லயம் முழுக்கப் பேச்சாகும். அதனால்தான் பாறையில் வைத்தான்.

"என்ன பேசுற நீ?"

"வெத்தல இல்லாம எனக்கே அது கேக்கல மதினி! நான் எப்பவும் அடக்கிக்கிட்டுத்தானே ஊதுனேன். அந்தச் சத்தந்தான் அதுக்குத் தெரியும். எடுங்க, அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்!"

எடுத்தேன். கடித்தேன். பாக்கின் சூடு நெஞ்சில் ஏறி நெற்றியில் வேர்த்தது. கன்னத்தில் ஒதுக்கியதும் தகடு நாக்கின் மேல் வலப்பக்கம் சாய்ந்தது. ஊதினேன். கொழகொழ என்ற, முனை மழுங்கிய, அசிங்கமான ஒரு சத்தம் வந்தது.

ரோசி வெட்டிய மரம் போலப் படுத்தது.

எத்தனையோ வருடமாக நான் எதிர்பார்த்தது அது. ரசிக்க நேரமில்லை. பாலம் ரோசிக்கு வலப்பக்கம். ஆடு வலப்பக்கம் போக வேண்டுமென்றால் நாய் இடப்பக்கம் வர வேண்டும். மேலிருந்து கீழே இறக்கி ஊதினேன். எழுந்து இடப்பக்கமாக வட்டம் போட்டு, தண்ணீருக்கும் ஆட்டுக்கும் இடையில் ஒட்டி நுழைந்தது. படு. படுத்தது. ஆடுகள் தலையைத் திருப்பின. இரண்டு குட்டை ஊதல். நட. நிலத்தைத் தொடாதது போல மெதுவாக நடந்தது. ஆடுகள் கரையோரமாக மேல்பக்கம் நகர்ந்தன. பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்து ஊதினேன்.

வளைவுக்கு அப்பால் அவை கண்ணுக்கு மறைந்த பிறகும் ஊதினேன். தங்கவேல் பாறை மேல் ஏறி நின்று, "போகுது மதினி, போகுது... பாலத்துல ஏறிருச்சி!" என்று கட்டுக்குள்ளிருந்து கத்தினான்.

இரண்டு ஆடுகளை ஓயா கொண்டுபோனது. மற்றவை தோட்டப் பாதையில் இறங்கி வந்தன, பின்னால் ரோசி, அதன் பின்னால் துரையின் ஜீப். நான் குட்டை ஊதல்களை விட்டு விட்டு ஊதினேன். ரோசி என்னிடம் ஓடிவந்து என் வாயை முகர்ந்தது. முகர்ந்துவிட்டுத் திரும்பி, தங்கவேலின் காலடியில் போய் அவன் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. உயிரைக் கொடுத்து ஊதியவள் நான். பல் இல்லாமல் நின்றவன் அவன்.

துரை இறங்கினார். "யார் ஊதினது?"

"மதினிதாங்க தொரை."

துரை என் பக்கம் வந்தார். அவரைக் கண்டதும் என் வாய் தானாகவே மெல்லுவதை நிறுத்தி, வெற்றிலையை மரியாதையாகக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டது. அவர் என் கன்னத்தைப் பார்த்தார். தங்கவேலின் துணிக்கட்டைப் பார்த்தார். ஆடு ஓட்ட வந்து நின்ற ஆட்களைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கன்னம் புடைத்திருந்தது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு அவர் சிரித்ததை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம்.

"இவ்வளவு நாளும் நான் விசில் படிச்சுக் குடுத்தேன். நாய் வெத்தல படிச்சிருக்கு."

புதிய சின்னத் துரை இதைக் கவனிக்க வேண்டும். நாய் கேட்பது விசிலை மட்டும் இல்லை, அதை வைத்திருக்கும் வாய் முழுவதையும். பழக்கும்போது வாய் எப்படியோ, கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும்.

அதன் பிறகு சட்டம் தளர்ந்தது. இரண்டு பேரும் ஊதலாம் என்றார் துரை. ஆக, எனக்குப் பாதி நாய் கிடைத்தது. வேலை நேரத்தில் வெற்றிலை போட்டேன். "நாய்க்காகப் போடுறாளாம்" என்று தண்ணிப் பைப்படியில் சிரித்தார்கள், கொஞ்ச நாளில் அதுவும் ஓய்ந்தது. ரோசி எனக்காக ஓடியது, படுத்தது, திரும்பி வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் தங்கவேலைப் போல ஊதினேன். கடன் வாங்கிய புடவையில் கல்யாணத்துக்குப் போனவள் மாதிரி இருந்தது எனக்கு. யாராவது பாராட்டினால் அவன்தான் முந்திக்கொண்டு, "மதினி ஊதுறது எனக்கு மேல," என்பான். அவன் ஒரு தடவையாவது என்மேல் பொறாமைப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ரோசி குட்டி போட்டபோது துரை ஒரு பெட்டைக் குட்டியை வைத்துக்கொண்டார். "மதினிக்கே குடுங்க தொரை," என்றான் தங்கவேல், வழக்கம் போல. வாங்கிக்கொண்டேன். சின்னி என்று பெயர் வைத்தேன். அன்றைக்கே வெற்றிலையை விட்டேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, சுத்தமான வாயோடு, நான் வாழை மரங்களுக்கு நடுவே பழகிய அந்தச் சத்தத்திலேயே பழக்கினேன். சின்னியின் காதுக்கு எட்டும் தூரத்தில் ஊதக்கூடாது என்று தங்கவேலிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"ஊதுனா என்ன செய்வீங்க?"

"சோறு கெடையாது."

"சீனியில்லாத தேத்தண்ணியாவது கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகு சின்னி இருக்கும் பக்கம் அவன் ஊதவே இல்லை.

ரோசி கிழடாகிப் படுத்த பிறகு சின்னிதான் வேலை செய்தது. ஒரு மழைக்காலத்தில் எனக்கு எலும்பு முறிக்கிற காய்ச்சல். பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பின்னேரம் தங்கவேல் வாசலில் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மதினி, ஆடு மேல்மலைக்கி ஏறிருச்சி. சின்னி அங்கிட்டு நிக்கிது. மழ வலுக்குது. நான் ஊதிப் பாக்கட்டுமா?"

படுத்தபடி அவனைப் பார்த்தேன். அவன் வாய் வெறுமையாக இருந்தது. பற்கள் ஈரமாக இருந்தன. உதட்டு ஓரத்தில் கரையாத உப்புக் கல் ஒன்று இன்னும் ஒட்டியிருந்தது. கொப்பளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஊதியிருந்தால் சின்னி ஒருவேளை ஓடியிருக்கும். ஊதிப் பார்த்திருக்கலாம், எனக்குத் தெரிந்தே இருக்காது. மழையில் அவ்வளவு தூரம் இறங்கி வந்து என்னிடம் கேட்கிறான்.

எரிச்சலாக இருந்தது. இந்த இடத்தில்கூட அவன்தான் பெரியவனாகிறான்.

"நானே வாறேன்," என்றேன்.

"காய்ச்சலோடயா?"

"வாறேன்னு சொன்னேன்ல."

போர்வையைச் சுற்றிக்கொண்டு, மேலே ஒரு ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவன் என் குடையை எடுத்து என் தலைக்கு மேல் பிடித்தபடி நனைந்துகொண்டே வந்தான். "வழுக்கும் மதினி, பாத்து," என்றான் இரண்டு மூன்று தடவை. விசிலை மட்டும் நான் கையிலிருந்து விடவில்லை. பாதை வளையும் முடக்கில் ஏறியதும் ஆடுகள் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் கறுப்பாகச் சின்னி. முதல் ஊதலில் மூச்சு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கவேல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுபடி ஊதினேன். சின்னி காதைத் தூக்கியது. குடையோடு இரண்டு பேர் நின்றோம். அது என்னைத்தான் பார்த்தது.